விசிறி விமானத்தின் ஓசைகள்

நேயர்களுக்கு வணக்கம். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே விசிறி வைத்த சிறிய விமானத்தில் போய்வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இரவு முழுக்கப் பிடித்தாலும் முத்துநகர் ரயிலே போதும் என்று இருப்பவர்களும் உண்டு. நான் பேச வந்திருப்பது அவர்களிடம்தான்.

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். இறக்கை விமானத்தை எப்படித் தூக்குகிறது என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆனாலும் முதல் முறை அந்த விமானத்தில் ஏறியபோது உள்ளங்கை வேர்த்துவிட்டது. படித்ததெல்லாம் தலையில் இருந்தது. பயம் காது வழியாக வந்தது. இதை நான் இன்று திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிறிய விமானத்தில் பயம் காது வழியாகத்தான் வருகிறது.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் ஓடுபாதை வெகுகாலம் சுமார் 1,350 மீட்டர்தான் இருந்தது. பெரிய ஜெட் விமானம் இறங்க அது போதாது. அதனால்தான் ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானம் நமக்கு வாய்த்தது. பிரான்சில் துலூஸ் நகரில் செய்கிறார்கள். எழுபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் உட்காரலாம்.

என் அக்காவை அதில் அழைத்து வந்த கதையைச் சொல்கிறேன். அப்போது அவளுக்கு எழுபத்திரண்டு வயது. சென்னையில் கண் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ரயிலில் குலுங்க வேண்டாம் என்று விமானத்தில் டிக்கெட் எடுத்தேன். அந்த விமானத்தில் பயணிகள் ஏறும் வாசல் பின்பக்கம், வாலுக்கு அருகில் இருக்கிறது. வாலுக்குக் கீழே ஒரு கம்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். அக்கா படியிலேயே நின்றுவிட்டாள். "தம்பி, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்களே, இதிலா போகப்போகிறோம்?" என்று கேட்டாள்.

எங்கள் அப்பா மாட்டுவண்டி வைத்திருந்தவர். பின்பாரம் கூடினால் வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். "எல்லாரும் பின்வாசலில் கூடினால் வால் தாழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த கம்பு அது, புறப்படும்போது எடுத்துவிடுவார்கள்" என்றேன். "அப்படியா, வண்டிதானே" என்று சொல்லிவிட்டு ஏறினாள். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது. "பயப்படாதே" என்று நூறு முறை சொல்வதைவிட, அடுத்து என்ன கேட்கும் என்று முன்கூட்டியே ஒரு முறை சொல்வது நல்லது.

உட்கார்ந்ததும் சொன்னேன். வலதுபக்க எஞ்சின் இரையும், ஆனால் விசிறி சுற்றாமல் நிற்கும். அது பழுது இல்லை. தரையில் நிற்கும்போது விளக்குக்கும் குளிர்காற்றுக்கும் மின்சாரம் தரப் பெரிய விமானங்களில் வாலுக்குள் தனியாக ஒரு சிறு எஞ்சின் உண்டு. இதில் அது கிடையாது. அதனால் சில நேரங்களில் விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டு, அந்த வலது எஞ்சினை ஓடவிட்டிருப்பார்கள்.

அடுத்தது எல்லாரையும் அச்சுறுத்தும் ஓசை. மேலே கிளம்பிச் சற்று நேரத்தில் இரைச்சல் திடீரென்று தணியும். வயிற்றில் ஏதோ இறங்குவது போல இருக்கும். எஞ்சின் நின்றுவிட்டது என்றே மனம் சொல்லும். முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில், கிளம்பும்போது அந்த விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றுகிறது. தரையை விட்டு உயர்ந்தபின் அத்தனை வேகம் வேண்டியதில்லை. ஏறக்குறைய 980 சுற்றுக்குக் குறைத்துவிடுகிறார்கள். சுருதி இறங்குகிறது, அவ்வளவுதான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஓசை தணிந்தது. "இதுதானே நீ சொன்னது?" என்றாள். பிடி தளர்ந்தது. நகம் பதிந்த நான்கு பிறைகள் என் மணிக்கட்டில் இருந்தன.

பிறகு குலுக்கல். அது ஐப்பசி மாதம், நல்ல மழை மேகம். ஜெட் விமானங்கள் 35,000 அடி உயரத்தில் மேகத்துக்கு மேலே போய்விடும். இந்த விமானம் 25,000 அடிக்கு மேல் போகாது. பெரும்பாலும் அதற்கும் கீழேதான் பறக்கிறது. மேகம் இருக்கும் அடுக்கிலேயே போகிறது, எடையும் குறைவு, அதனால் ஆடுகிறது. நம் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரே அலையில் வள்ளம் ஆடும், கப்பல் அசையாது. வள்ளம் ஆடுவதைப் பார்த்து, அது கவிழ்ந்துவிடும் என்று கடலுக்குப் போகிற எவரும் சொல்வதில்லை.

விபத்தே நடப்பதில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தில் பொக்காராவில் இதே வகை விமானம் விழுந்து 72 பேர் இறந்தார்கள். அந்தக் காட்சியை நீங்களும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்தவரிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வது ஆறுதல் ஆகாது. விசாரணையில் தெரிந்தது இது: இறங்கும் நேரத்தில் ஒரு நெம்புகோலுக்குப் பதில் வேறு நெம்புகோல்கள் நகர்த்தப்பட்டு, விசிறி இதழ்கள் காற்றைத் தள்ளாத கோணத்துக்குத் திரும்பிவிட்டன. எஞ்சின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. காற்றில் ஆடியதால் அந்த விமானம் விழவில்லை. நாம் அஞ்சுவது ஆட்டத்துக்கு. அங்கே நடந்தது வேறு.

விமான நிறுவனங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெல்ட் போடச் சொல்லும்போதே, "கிளம்பியபின் ஓசை குறையும், அது இயல்பு" என்று தமிழில் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். பத்து விநாடி கூட ஆகாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். எங்கே உட்காருவது என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். விசிறிக்கு நேராக உள்ள வரிசைகளில்தான் இரைச்சல் அதிகம், பின்வரிசை கேளுங்கள். வெயில் ஏறுமுன் காலை விமானத்தில் போனால் ஆட்டம் குறைவு. பெல்ட்டை இறங்கும்வரை கழற்றாதீர்கள். தரை தொட்டதும் ஒரு பெரிய உறுமல் கேட்கும். வேகத்தைக் குறைக்க விசிறி இதழ்களைத் திருப்புகிறார்கள். கைக்குழந்தை இருந்தால், விமானம் கீழே இறங்கத் தொடங்கும்போது பால் புகட்டுங்கள், காது அடைக்காது. பெரியவர்களுக்கு ஒரு மிட்டாய் போதும். அக்காவுக்கு நான் கொடுத்தது கடலைமிட்டாய், கோவில்பட்டியில் வாங்கியது. நன்றி, வணக்கம்.