பதம் பார்க்கப் போகும் பயணம்

(இணையத்தில் பழகிய சமையல் நண்பர்களை நேரில் காண மதுரை, நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்துக்குப் புறப்படுவோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மாதக்கணக்கில் குறிப்புகளைக் கொடுத்து வாங்கியவர்கள் நீங்கள். நெல்லைக்காரர் எழுதிக் கொடுத்த சொதி என்ற தேங்காய்ப் பால் குழம்பு, கோவையில் உங்கள் அடுப்பில் திரிந்துபோயிருக்கும். “எழுதினபடியேதான் செய்தேன், திரிந்துவிட்டது” என்று புலம்பியிருப்பீர்கள். அவர் எதையும் மறைக்கவில்லை, நீங்களும் சோம்பல்படவில்லை. குறிப்பில் அளவு இருந்தது, பதம் இல்லை. “சுருள வதக்கவும்” என்றால் எவ்வளவு சுருள வேண்டும்? “பச்சை வாசனை போகும் வரை” என்றால் எந்த வாசனை போய் எந்த வாசனை வரவேண்டும்? இதை எழுத்தில் கொண்டுவர எந்தக் கைதேர்ந்தவராலும் ஆகாது. அதனால்தான் நேரில் போகிறோம். ஆகவே முதல் வேண்டுகோள்: கூடத்தில் உட்கார்ந்து இலை போடும் வரை காத்திருக்காதீர்கள். அடுப்படிக்குள் போய்விடுங்கள்.

வழி சுலபமானது. மதுரையில் இறங்கினால் விருதுநகர் சுமார் 50 கிலோமீட்டர், கோவில்பட்டி 100, திருநெல்வேலி 155 அல்லது 160. நெல்லையிலிருந்து தூத்துக்குடி 50, நாகர்கோவில் 80. ஸ்ரீவில்லிபுத்தூர் மதுரையிலிருந்து 75 கிலோமீட்டர், கொஞ்சம் மேற்கே ஒதுங்கியிருக்கிறது. நான்கு நாள் போதும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு வீடுதான். காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு என்று திட்டம் போட்டால் இரண்டாவது வீட்டில் நீங்கள் உண்பது மரியாதைக்காக மட்டும்தான். சமைத்தவருக்கு அது முகத்திலேயே தெரிந்துவிடும். மிச்ச நேரத்தைக் கடைகளுக்கும் சந்தைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பதில் கவனம் வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமையில் அசைவ வீட்டுக்குப் போய்க் கருவாட்டுக் குழம்பு கேட்காதீர்கள். செவ்வாய், வெள்ளி அசைவம் சமைக்காத வீடுகளும் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள், யாருக்கு வேர்க்கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாது, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்புக் குறைவு என்பதை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். இந்த வட்டாரத்தில் இனிப்பு என்றால் பெரும்பாலும் கடலையோ முந்திரியோ நெய்யோதான், போன இடத்தில் சொன்னால் மாற்று கிடையாது. முதல் சந்திப்பு சந்தையிலோ உணவகத்திலோ நடப்பது இரு பக்கத்துக்கும் நல்லது. சந்தையில் சந்தித்தால் இன்னொரு லாபம்: உங்களுக்குச் சமைக்கப்போகும் அக்கா எந்தத் தேங்காயைத் தட்டிப் பார்த்து எடுக்கிறார், எந்தப் புளியை ஒதுக்குகிறார் என்பது சமையலின் முதல் பாடம்.

“உங்கள் ஊர் ஸ்பெஷல் எல்லாம் செய்துவையுங்கள்” என்று கேட்டுவிடாதீர்கள். பாவம், முந்தின நாள் இரவே எல்லாவற்றையும் முடித்துவைத்துவிடுவார்கள். நீங்கள் போகும்போது பாத்திரம் மூடியிருக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது. இரண்டே பண்டம், நாங்கள் வந்தபின் அடுப்பேற்றுங்கள், காய் நறுக்க நாங்கள் வருகிறோம் என்று சொல்லுங்கள்.

இப்போது அளவுக்கு வருகிறேன். ஒரு டம்ளர் என்று எல்லோரும் எழுதுகிறோம். காபி டம்ளர் 150 மில்லி, மின்சார அரிசிக் குக்கரோடு வரும் கப் 180, வெளிநாட்டுக் குறிப்புகளின் கப் 240. பழைய வீடுகளில் இன்னும் உழக்கும் ஆழாக்கும் உண்டு. எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி, உழக்கு 336. ஆனால் பட்டணம் படி வேறு, ஊர்ப் படி வேறு. ஆகையால் எந்த வீட்டுக்குப் போனாலும் அவர்கள் அளக்கும் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீரை மட்டும் எடை போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. உள்ளங்கை அகல மின்னணுத் தராசு ஒன்று பையில் இருந்தால் போதும்.

பழகிய கையிடம் “அளந்து போடுங்கள்” என்று சொல்வதுதான் பெரிய தவறு. சொன்ன உடனே கை தடுமாறும், ருசி மாறும். அவர் போக்கில் விடுங்கள். உப்பு ஜாடியைத் தராசின்மேல் வைத்து, தராசு காட்டும் எடையைச் சுழியம் ஆக்கிவிடுங்கள். அவர் அள்ளியபின் எவ்வளவு குறைந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த் தூக்குக்கும் இதே வழிதான். கல்லுப்புக்கு இது மிக அவசியம், ஏனென்றால் பரல் பெரிதாக இருந்தால் கரண்டியில் இடைவெளி அதிகம், எடை குறைவு. பொடி உப்பு ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 6 கிராம் என்று வைத்துக்கொண்டு கல்லுப்பையும் அதே கரண்டியால் போட்டால் கணக்குத் தப்பும். நேரத்துக்குக் கைப்பேசியில் காணொளி எடுத்தால் போதும், அதுவே கடிகாரம். ஆனால் அனுமதி கேட்டபின் எடுங்கள். முகம் வரலாமா, கை மட்டும் போதுமா, பின்னால் வெளியிட்டால் யார் பெயரில் வெளியிடுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

சரி, சொதி. நெல்லையில் இது மறுவீட்டு விருந்துக்கு உரியது. மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் வைப்பதால் மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். ஆறு பேருக்கு இரண்டு முற்றிய தேங்காய். முதல் பால் கெட்டியாக 250 மில்லி, இரண்டாம் பால் 500, மூன்றாம் பால் 700 என்று தனித்தனியாகப் பிழிந்து வைக்கவேண்டும். பாசிப்பருப்பு 100 கிராம் வாசம் வர வறுத்துக் குழைய வேகவைத்து மசிக்கவேண்டும். காய் என்றால் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி. சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகவே போடுவது வழக்கம். மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, எட்டுப் பச்சைமிளகாயும் இரண்டு அங்குல இஞ்சியும் அரைத்த விழுதை இரண்டாம் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டு, பருப்பைக் கரைத்து ஊற்றுவார்கள். இதுவரை யாருக்கும் தவறுவதில்லை.

தவறுவது முதல் பாலில். தேங்காய்ப் பால் என்பது தண்ணீரில் கொழுப்புத் துளிகள் மிதப்பது. அவற்றை ஒட்டாமல் பிரித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். தளதளவென்று கொதித்தால் புரதம் உறைந்து, கொழுப்பு தனியே எண்ணெயாகிவிடும். எலுமிச்சைச் சாறும் அதையேதான் செய்யும். கொதியும் புளிப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் திரிவது நிச்சயம். அதனால் தீயை நன்றாகத் தணித்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டி வரும்போதே இறக்கிவிடவேண்டும். அந்த நுரையைத்தான் நீங்கள் நேரில் பார்க்கவேண்டும். குறிப்பில் “ஒரு கொதி வந்ததும்” என்று எழுதியிருப்பார்கள், அது கொதியே அல்ல. இறக்கித் தாளித்து, பாத்திரத்தைத் தொட்டால் கை சற்றுத் தாங்கும் சூட்டில் ஓர் எலுமிச்சம்பழச் சாறு. பருப்பை மசிக்காமல் முழுசாகப் போட்டாலும் ஆபத்துத்தான், மசித்த பருப்பு குழம்புக்குக் கெட்டியும் கொடுத்துத் திரியாமலும் தாங்குகிறது. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். இவ்வளவு தேங்காய்ப் பாலுக்கு இஞ்சி இல்லாவிட்டால் சாயங்காலம் வரை வயிறு கனக்கும். இடியாப்பத்துக்கு ஊற்றும் ஈழத்துச் சொதியைத் தெரிந்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளவேண்டாம். பெயர் ஒன்று, அது தண்ணீராக, வெந்தயமும் மஞ்சளும் தெரிய இருக்கும்.

இரண்டாவதாகக் கேட்கவேண்டியது உளுந்தஞ்சோறு. அரிசி இரண்டு பங்கு, தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து ஒரு பங்கு, அரை மூடித் தேங்காய்த் துருவல், பதினைந்து பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி வெந்தயம். உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுக்கவேண்டும். இந்த வாசத்தை மூக்கில் பிடித்துக்கொள்ளுங்கள், அரை நிமிடம் தாண்டினால் கசப்பு. தண்ணீர் மொத்த அளவுக்கு மூன்று மடங்கு. உளுந்தை நெடுநேரம் ஊறவைத்துத் தோலைக் கழுவித் தள்ளிவிட்டுப் பொங்கல் மாதிரி இருக்கிறது என்பவர்கள் உண்டு. தோல் போனால் பொங்கல்தான். சூடாகவே உண்ணவேண்டும், ஆறினால் உளுந்தின் வழவழப்பு பசையாக இறுகும். எள்ளுத் துவையல் கட்டாயம். அசைவ வீடு என்றால் கோழிக் குழம்பு.

தண்ணீரையும் கவனியுங்கள். தாமிரபரணித் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாய் வெந்துவிடும். உங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் என்றால் அதே பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கும். கடின நீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் பருப்பிலுள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. திரும்பி வந்து செய்யும்போது பருப்புக்கு மட்டுமாவது குடிதண்ணீரை ஊற்றுங்கள்.

வீட்டில் பார்க்க முடியாதவற்றுக்குக் கடைதான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு அதற்கு முந்தைய ஆண்டு. கடலைமிட்டாய் போடுவதைப் பார்க்கக் காலையிலேயே போய்க் கேளுங்கள். பார்க்கவேண்டியது பாகு ஒன்றைத்தான். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிக் காய்ச்சும்போது, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று கேட்கவேண்டும். வெப்பமானியில் பார்த்தால் 145 முதல் 150 டிகிரி செல்சியஸ். சத்தம் வருமுன் கடலையைக் கொட்டினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். தாமதித்தால் கசக்கும். வீட்டில் செய்ய, வறுத்துத் தோல் நீக்கிய கடலை 250 கிராமுக்கு வெல்லம் 175 கிராம் சரியாக வரும். கடலையும் சூடாக இருக்கவேண்டும், ஆறிய கடலை பாகை உடனே இறுக்கிவிடும், பரப்ப நேரம் கிடைக்காது.

அல்வாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். 250 கிராம் சம்பா கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து அரைத்து மூன்று முறை பால் பிழியவேண்டும். ஆறு மணி நேரம் அசையாமல் வைத்து மேலே தெளிந்த தண்ணீரை வடித்துவிடவேண்டும். சீனி 750 கிராம், நெய் 300 கிராம். நிறத்துக்குப் பொடி வேண்டாம், நாலு கரண்டிச் சீனியைத் தனியே தேன் நிறத்தில் கருக்கினால் போதும். மேல்தண்ணீரை வடிக்காமல் விட்டால் புளித்த வாடை நிற்கும். பாகில் பாலை ஊற்றும்போது கிண்டுவதை ஒரு நொடி நிறுத்தினாலும் கட்டி தட்டும். உறிஞ்சிய நெய்யைத் திரும்பக் கக்கி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரை கிண்டவேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பாதியில் இறக்கினால் அது அல்வா அல்ல, போஸ்டர் ஒட்டும் பசை.

தூத்துக்குடி மக்ரூனுக்கு மூன்றே சரக்கு: முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. வெள்ளைக்கரு 100 கிராம் என்றால் பொடித்த சீனி 200, முந்திரித் தூள் 150. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ மஞ்சள்கருவோ ஒரு துளி இருந்தாலும் நுரை எழும்பாது. முந்திரியை நிறுத்தி நிறுத்தி அரைக்கவேண்டும், ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கசிந்து நுரையை அமுக்கிவிடும். அடுமனை அடுப்பில் 110 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம், சுடுவதைவிட உலர்த்துவது என்றே சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கினால் திறந்த அரைமணியில் நமுத்துப்போகும்.

வெறுங்கையோடு போகாதீர்கள். நெல்லைக்கு இனிப்பு வாங்கிப் போகவேண்டாம், அல்வா ஊருக்கே அல்வா கொடுத்த கதையாகும். ஈரோட்டு மஞ்சள், சேலத்து ஜவ்வரிசி, அன்று அரைத்த காபித் தூள் என்று உங்கள் ஊர்ச் சரக்காக இருந்தால் அவர்கள் அடுப்படியில் பல நாள் இருக்கும். பெரிய விருந்தென்றால் காய்கறி, தேங்காய்ச் செலவைச் சந்தையிலேயே நீங்கள் கொடுத்துவிடுங்கள், வீட்டில் வைத்துப் பணம் நீட்டினால் வாங்கமாட்டார்கள், மனசும் சங்கடப்படும். பந்தியில் “போதும்” என்ற சொல்லுக்கு அந்தப் பக்கம் மதிப்பே இல்லை. சோற்றுக்குமேல் கையைக் குறுக்கே நீட்டினால்தான் கரண்டி நிற்கும்.

திரும்பும்போது பால்கோவாவைக் கடைசி நாளில் வாங்குங்கள், அன்று கிண்டியதா என்று கேட்டு, ஆறியபின் கட்டச் சொல்லுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மக்ரூன் டப்பா மேலே, கருப்பட்டி கீழே. உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023இல் புவிசார் குறியீடு வந்தாயிற்று, ஆனாலும் சீனிக் கலப்பில்லாததைத் தேடித் தரத் தெரிந்தவர் அந்த ஊர் நண்பர்தான், அவரையே வாங்கித் தரச் சொல்லுங்கள்.

ஊர் வந்த ஒரு வாரத்துக்குள், மூக்கில் அந்த வாசம் இருக்கும்போதே சமைத்துவிடுங்கள். முதல் தடவை அவர்கள் அளவில் ஒரு கிராம்கூட மாற்றவேண்டாம். சரியாக வரவில்லை என்றால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் தண்ணீர், பிறகு தேங்காய், பிறகு மிளகாய். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது என்று அந்த அக்காவாலும் சொல்ல முடியாது. நுரை கட்டும் இடத்தில் மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். இந்த முறை அவர் எதைச் சொல்கிறார் என்பது உங்களுக்குப் புரியும்.