வன்னிக் குளிரில் குடைமிளகாய்

(காட்சி: விடியப்புறம், பாத்தி, இலைகளில் பனி)

வணக்கம். இது கறிமிளகாய் இல்லை, கடையில் பெல் பெப்பர் என்று விற்கிற குண்டுக் குடைமிளகாய். வன்னி வெக்கைக்கு இது சரிவராது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வெக்கையில் சரிவராதுதான், இரவிலும் 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் பூ காம்போடு கழன்று விழும். ஆனால் தை, மாசி விடியப்புறங்களில் 20, 22 பாகைக்கு இறங்குகிறதே, அந்தக் குளிரில்தான் இது நன்றாகக் காய் பிடிக்கும். நுவரெலியா மாதிரி 10 பாகைக்குப் போனால் அதுவும் கூடாது, 15க்குக் கீழே மகரந்தம் கெட்டுக் காய் சப்பையாகிவிடும்.

அதனால் பூ மாசியில் வருகிற மாதிரிக் கணக்குப் போட்டு, கார்த்திகைத் தொடக்கத்திலேயே விதை போடுங்கள். மழைக்கு ஒதுக்கமாக, தட்டில். மண் 25 பாகை இருந்தால் எட்டு, ஒன்பது நாளில் முளைக்கிற விதை, 20இல் இரண்டு வாரம் இழுக்கும். நான் இரவில் தட்டை அடுப்படியில் வைப்பேன். முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்கு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கன்று நூல் மாதிரி நீண்டுவிடும்.

ஆறு வாரக் கன்றை ஒரு அடி உயர மேட்டுப் பாத்தியில் நடுங்கள். மாரி மழை வேரில் தேங்கினால் கன்று போயிற்று. கறுப்புப் பொலித்தீன் விரித்தால் மண்ணில் சூடு நிற்கும், பசளையும் கரைந்து ஓடாது. ஆனால் பங்குனி வெயிலில் அதே பொலித்தீன் வேரை அவிக்கும், அப்போது மேலே வைக்கோல் போட்டு மூடிவிடுங்கள்.

(காட்சி: செடியின் கவர், கிட்டத்தில்)

இதைக் கிட்டத்தில் பாருங்கள். தண்டு இரண்டாகப் பிரிகிற கவரில் ஒரு மொட்டு தனியே நிற்கிறது, மிளகை விடக் கொஞ்சம் பெரிது. இதுதான் முதல் பூ. கிள்ளி விடுங்கள். மனம் வராது, எனக்கும் முதலில் வரவில்லை, ஆனால் குளிரில் மெதுவாக வளர்கிற சின்னச் செடி இந்த ஒரு காயைச் சுமந்தால் கிளை விடாமல் அப்படியே நின்றுவிடும், பிறகு வர வேண்டிய காயெல்லாம் குறையும்.

தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும். மாலையில் இலை நனைந்தால் பனியும் சேர்ந்து இரவு முழுக்க ஈரம், நோய் பிடிக்கும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக விட்டால் காயின் அடி கறுத்து அழுகும்.

அப்புறம், காய் நிறையவா, சிவப்புக் காயா என்று முன்பே முடிவெடுங்கள். சிவக்க இன்னும் இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும், அதுவரை அடுத்த பூக்கள் காய் பிடிப்பது குறையும். நான் பச்சையிலேயே, காம்போடு கத்தரியால் வெட்டி எடுக்கிறேன். கையால் இழுத்தால் கிளையும் சேர்ந்து முறியும்.