காய்ச்சல் மாறிய பிறகும் தெளியாத தலை

வணக்கம் நேயர்களே.

கார்த்திகை மழை தொடங்கினால் டெங்குவும் வரும் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். பிளேட்லெட் எவ்வளவு, நீராகாரம் எவ்வளவு என்று அந்த நாட்களில் வீடே விழித்திருக்கும். காய்ச்சல் மாறிவிட்டால் அதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறோம். சிலருக்கு முடிவதில்லை.

என்னிடம் வந்த ஓர் ஆசிரியை தவணைப் பரீட்சை விடைத்தாள் ஒன்றின் புள்ளிகளை மூன்று முறை கூட்டினாராம். மூன்று முறையும் வேறு வேறு விடை. இருபது வருடமாகக் கணக்குப் படிப்பிப்பவர் அவர். "டொக்டர், சொல்ல வந்த சொல்லு வாயிலை வருதில்லை. தலை மந்தமாக் கிடக்கு" என்றார். கூட வந்த கணவர், "காய்ச்சல் மாறி மூண்டு மாசமாச்சு. இன்னும் அதையே சாட்டுச் சொல்லுறா" என்றார். அந்த அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

நேயர்களே, இது சாட்டு இல்லை. சோம்பலும் இல்லை.

கொரோனாவுக்குப் பிறகு இந்த நிலையை உலகம் ஓரளவு கவனமாகப் பார்க்கத் தொடங்கியது. கொரோனா வந்தபின் நெடுநாள் நீடிக்கும் நோய்நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 இல் கொடுத்த வரைவிலக்கணத்தில் களைப்பு, மூச்சுத் திணறலோடு ஞாபகமும் கவனமும் குறைவதையும் சேர்த்திருக்கிறது. 2024 இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரைச் சோதித்தார்கள். கொரோனா வந்து அறிகுறிகள் மாறாமலே இருந்தவர்களுக்கு, நோய் வராதவர்களைவிட, நுண்ணறிவு ஈவில் (IQ) ஏறக்குறைய 6 புள்ளிகளுக்குச் சமமான குறைவு இருந்தது. அதே ஆய்வில் எனக்குப் பெரிய ஆறுதலாகப் பட்டது இன்னொன்று. நெடுநாள் இழுத்தாலும் அறிகுறிகள் மாறியவர்கள், கெதியாகக் குணமானவர்களோடு ஏறக்குறைய ஒத்த நிலையில் இருந்தார்கள்.

ஏன் இப்படி வருகிறது? கிருமியை எதிர்த்த உடலின் எதிர்ப்புச் சக்தி உடனே அடங்காமல் இருப்பதும், அந்த அழற்சி மூளையைப் பாதிப்பதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. நித்திரைக் குறைவும் களைப்பும் அதைக் கூட்டும். பழைய நினைவுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு காரியம் பார்ப்பதுதான் முதலில் கெடும். உலையில் அரிசி போட்டுவிட்டு ஃபோன் கதைத்தால் அடுப்பு மறந்துபோகும். கடையில் மிச்சக் காசு எண்ணும்போது பக்கத்தில் ஒருவர் பேசினால் கணக்குத் தவறும்.

வீட்டுக்காரர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும். யோசனை தேவைப்படும் வேலையை, தலை தெளிவாயிருக்கும் நேரத்துக்கு வையுங்கள். பலருக்கு அது காலை. ஒரு நாள் கொஞ்சம் சுகம் என்று கோயில், சந்தை, கலியாண வீடு எல்லாம் ஓடினால் சிலர் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் விழுவார்கள். அப்படிப்பட்டவர்களை "எழும்பி நடந்தால் எல்லாம் சரிவரும்" என்று தயவுசெய்து உந்தாதீர்கள். கவனம் சிதறும் நாட்களில் மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம்.

இன்னொன்று. எல்லாவற்றையும் பழைய காய்ச்சலின் தலையில் போட்டுவிடவும் கூடாது. தைரொய்ட், இரத்தச்சோகை, சீனி, மனச்சோர்வு, சில மருந்துகள், இவையும் இதே மந்தத்தைத் தரும். மச்சம் சாப்பிடாதவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம். இவற்றில் பலவற்றை இரத்தப் பரிசோதனையில் கண்டு மருந்து கொடுக்கலாம். திடீரென்று பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால், காய்ச்சலோடு நினைவு தடுமாறினால் காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

கிளினிக்குக் காட்ட வரும்போது, எப்போது தொடங்கியது, என்ன வேலையில் தடுமாறுகிறது, எவ்வளவு நித்திரை என்று ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு வாருங்கள். வீட்டில் ஒருவரும் கூட வாருங்கள். வந்து, அவரைக் குறை சொல்லாமல், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.