லட்லோ, 1914: சட்டத்தை அமல்படுத்தச் சொன்னவர்கள் மேல் பாய்ந்த குண்டுகள்

[திரையில்: தெற்குக் கொலராடோ வரைபடம். ரயில் பாதை ஓரத்தில் ஒரு புள்ளி, லட்லோ]

1913 செப்டம்பர் 23. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மழையும் பனியும் சேர்ந்து கொட்டுகிறது. மலை இடுக்குகளில் இருந்த நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்புகளை விட்டு மக்கள் குடும்பம் குடும்பமாக இறங்கி வருகிறார்கள். வண்டியில் மெத்தை, அடுப்பு, பாத்திரம், அதற்கு மேல் குழந்தைகள். வேலை கம்பெனியுடையது, வீடும் கம்பெனியுடையது. வேலைநிறுத்தம் என்று சொன்ன நிமிடமே வீட்டைக் காலி செய்தாக வேண்டும். தொழிற்சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த வெட்டவெளியில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அப்படி உருவான முகாம்களில் பெரியது லட்லோ. சுமார் 200 கூடாரங்கள், 1,200 பேர்.

கிரேக்கர், இத்தாலியர், மெக்சிகர், ஸ்லாவியர் என்று பல நாட்டு ஆட்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. அப்படிப்பட்டவர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அப்படி என்ன கேட்டார்கள்?

[திரையில்: கரி நிரப்பிய தள்ளுவண்டி, எடைமேடை]

முதலில் எடை. அந்தக் காலத்தில் கரி வெட்டுபவருக்கு நாள் சம்பளம் கிடையாது. எத்தனை டன் வெட்டினாரோ அதற்குத்தான் கூலி. அந்த டன்னை நிறுப்பது கம்பெனி ஆள். நாள் முழுக்க நிலத்துக்குள் முதுகு வளைத்து வண்டியை நிரப்பி அனுப்புவீர்கள். மேலே எடைமேடையில் ஒருவர் ஓர் எண்ணை எழுதுவார், அதுதான் கணக்கு. எடையில் அடிக்கிறார்கள் என்பது தொழிலாளர்களின் பல வருடக் குமுறல். ஆகவே, பக்கத்தில் நின்று எடையைச் சரிபார்க்க எங்கள் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள்.

அடுத்தது கூலி இல்லாத வேலை. கூரை இடியாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது, தண்டவாளம் போடுவது, விழுந்த பாறையை அள்ளுவது, இதற்கெல்லாம் காசு கிடையாது. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உயிரைக் காக்கும் வேலைக்குக் கூலி இல்லை, கரிக்கு மட்டும் கூலி என்றால், பசியில் இருப்பவர் எதை முதலில் செய்வார்? 1910ஆம் ஆண்டில் மட்டும் லட்லோ இருந்த மாவட்டத்தில் மூன்று சுரங்க வெடிவிபத்துகள் நடந்தன. பிரிமேரோ, ஸ்டார்க்வில், டெலாகுவா. மொத்தம் 200 பேருக்கு மேல் செத்தார்கள்.

அப்புறம் எட்டு மணி நேர வேலை, விரும்பிய கடையில் சாமான் வாங்கும் உரிமை, கம்பெனிக் காவலாளிகளின் அட்டகாசத்துக்கு முடிவு, சங்கத்துக்கு அங்கீகாரம்.

இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் கொலராடோவில் ஏற்கெனவே சட்டம். எடை பார்க்கும் ஆள் சட்டத்தில் உண்டு. சங்கத்தில் சேரும் உரிமையும் உண்டு. ஆனால் சட்டப் புத்தகம் தலைநகர் டென்வரில் இருந்தது. சுரங்க ஊரில் ஷெரீப், அதாவது மாவட்டக் காவல் தலைவர், கம்பெனியின் ஆள். விபத்தில் யாராவது செத்தால் விசாரிக்கும் குழுவைப் பொறுக்கி எடுப்பதும் அவர்கள்தான். தீர்ப்பு அநேகமாக ஒன்றே: தொழிலாளியின் கவனக்குறைவு.

அந்தப் பகுதியில் இருந்த கம்பெனிகளிலேயே பெரியது கொலராடோ எரிபொருள் மற்றும் இரும்புக் கம்பெனி. அது எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் குடும்பத்தின் பிடியில் இருந்தது. மகன் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் இருந்தது நியூயார்க்கில். பத்து வருடமாகச் சுரங்கத்தின் பக்கம் வந்ததில்லை என்று நாடாளுமன்றக் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். போட்ட பணம் முழுக்கப் போனாலும் சங்கத்துக்கு இடம் கொடுக்க மாட்டீர்களா என்று கேட்டார்கள். அது பெரிய கொள்கை என்றார். இது 1914 ஏப்ரல் 6. அடுத்த இரண்டு வாரத்தில் நடந்ததைப் பார்க்கும் முன், அதுவரை நடந்ததைப் பார்த்துவிடுவோம்.

[திரையில்: இரும்புத் தகடு அடித்த கார், மேலே மெஷின் கன்]

பால்ட்வின் ஃபெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் நிறுவனம் வேலைநிறுத்தங்களை உடைப்பதையே தொழிலாக வைத்திருந்தது. அவர்கள் ஒரு காருக்கு இரும்புத் தகடு அடித்து, மெஷின் கன்னை ஏற்றிக்கொண்டு கூடாரங்களைச் சுற்றி வந்தார்கள். தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'சாவு வண்டி'. 1913 அக்டோபரில் ஃபோர்ப்ஸ் என்ற முகாமை அப்படித்தான் சுட்டார்கள். துணிக் கூடாரம் குண்டைத் தடுக்குமா? அதனால் லட்லோவில் கூடாரங்களுக்கு அடியில் குழி வெட்டினார்கள். சுடும்போது பெண்களும் பிள்ளைகளும் இறங்கி ஒளிந்துகொள்ள.

தொழிலாளர்களிடமும் துப்பாக்கி இருந்தது, அவர்களும் சுட்டார்கள். காவலாளிகளும் செத்தார்கள். இதை மறைத்துவிட்டுக் கதை சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் கடைசியில் ஆளுநர் எலியாஸ் அம்மன்ஸ் மாநிலப் படையை அனுப்பினார். முதலில் தொழிலாளர்கள் அதைக் கைதட்டி வரவேற்றார்கள், இனி நியாயம் கிடைக்கும் என்று. சீக்கிரமே அந்தப் படை, வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போகும் கருங்காலிகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்து வேலைக்கு அழைத்துப் போக ஆரம்பித்தது. மாநிலக் கஜானாவில் பணமும் தீர்ந்துபோனது. பெரும்பாலான வீரர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்த சிறு படையில் நிரம்பியவர்கள் யார்? சுரங்கக் காவலாளிகளும் கம்பெனி ஆட்களும். அதே ஆள், அதே துப்பாக்கி, உடை மட்டும் அரசாங்கத்துடையது. லட்லோவில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு மாற்றம் போதும் என்பது என் எண்ணம்.

[திரையில்: 1914 ஏப்ரல் 20, திங்கள்]

முந்தைய நாள் கிரேக்கர்களின் ஈஸ்டர். முகாமில் விருந்து, பேஸ்பால் விளையாட்டு. திங்கள் காலை முகாம் தலைவர் லூயிஸ் டிகாஸ், கிரீட் தீவிலிருந்து வந்தவர், படை அதிகாரியோடு பேச ரயில் நிலையத்துக்குப் போனார். அந்த நேரத்தில் படை குன்றின் மேல் மெஷின் கன்னோடு தயாராவதைத் தொழிலாளர்கள் பார்த்தார்கள். அவர்களும் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். டிகாஸ் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. முதல் குண்டு யாருடையது என்பதில் இரு தரப்பும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை.

பகல் முழுக்கச் சுட்டார்கள். மாலையில் ஒரு சரக்கு ரயில் குறுக்கே வந்து நின்றது. அந்த மறைவில்தான் பலர் மலைப்பக்கம் தப்பித்து ஓடினார்கள். இருட்டும் நேரத்தில் கூடாரங்களில் தீ. ஒரு கூடாரத்துக்கு அடியில் இருந்த குழியில் நான்கு பெண்களும் 11 குழந்தைகளும் ஒளிந்திருந்தார்கள். மேலே தீ எரிய எரிய, குழியில் மூச்சுக்குக் காற்று இல்லாமல் போனது. இரண்டு பெண்களும் 11 குழந்தைகளும் அங்கேயே இறந்தார்கள். உயிரோடு வெளியே வந்த மேரி பெட்ருச்சி தன் மூன்று பிள்ளைகளையும் அதற்குள் பறிகொடுத்தவர்.

டிகாஸைப் பிடித்துவந்தார்கள். லெப்டினன்ட் கார்ல் லிண்டர்ஃபெல்ட் துப்பாக்கிக் கட்டையால் அவர் தலையில் அடித்த வேகத்தில் கட்டையே உடைந்தது. பிறகு முதுகில் குண்டுகள். உடல் நாள்கணக்கில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. வருகிற போகிற ரயில்களில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அடுத்த பத்து நாள் தொழிலாளர்கள் ஆயுதத்தோடு சுரங்கம் சுரங்கமாக அடித்து நொறுக்கினார்கள். அதிபர் வில்சன் மத்திய ராணுவத்தை அனுப்பிய பிறகே அடங்கியது. டிசம்பரில் சங்கத்தின் கையில் காசு தீர்ந்து, எதையும் பெறாமலேயே வேலைநிறுத்தம் முடிந்தது.

[திரையில்: அச்சிட்ட துண்டறிக்கைகள்]

சரி, தண்டனை? படை தன் ஆட்களைத் தானே விசாரித்து விடுவித்தது. டிகாஸை அடித்ததற்கு லிண்டர்ஃபெல்டுக்குப் பெயரளவுக்கு ஒரு கண்டிப்பு. சங்கத் தலைவர் ஜான் லாசனுக்கோ, ஒரு காவலாளி செத்த வழக்கில் ஆயுள் தண்டனை.

ராக்ஃபெல்லர் செய்தது வேறு. ஐவி லீ என்ற விளம்பர நிபுணரை அமர்த்தினார். நாடு முழுக்கத் துண்டறிக்கைகள் பறந்தன. சங்கத் தலைவர்கள் ஒரு வருடத்தில் வாங்கிய தொகையை ஒன்பதே வாரச் சம்பளம் போல அதில் அச்சிட்டிருந்தார்கள். அடுத்த வருடம் ராக்ஃபெல்லரே கொலராடோ வந்து, தொழிலாளர் வீடுகளில் சாப்பிட்டு, அவர்கள் மனைவிமாரோடு நடனம் ஆடினார். கூடவே கம்பெனியே நடத்தும் ஒரு 'சங்க'த்தையும் கொடுத்தார். அதற்குத் திட்டம் போட்டுத் தந்த மெக்கன்சி கிங் பின்னாளில் கனடாவின் பிரதமர் ஆனார். கம்பெனி நடத்தும் அந்த வகைச் சங்கத்தை 1935இல் அமெரிக்கச் சட்டம் தடை செய்தது.

லாசன் மீதான தீர்ப்பை 1917இல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1927இல் கொலராடோவின் கொலம்பைன் சுரங்கத்தில் மறுபடியும் வேலைநிறுத்தம்; போலீஸ் சுட்டு ஆறு பேர் செத்தார்கள். அதன் பிறகு, ராக்ஃபெல்லருடையது அல்லாத, கொலம்பைன் சுரங்கத்தை நடத்திய கம்பெனியின் பொறுப்பு ஜோசபின் ரோச் என்ற பெண்ணின் கைக்கு வந்தது. 1928இல் அவர் தானே சங்கத்தைக் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டார். நிர்வாகத்தில் தனக்குத் துணையாக ஜான் லாசனை வைத்துக்கொண்டார்.