ஒப்பிட இரண்டாவது பொருள் எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் ஆய்வுக்கூட அன்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

நெடுநாள் துலங்காத குற்றங்களைத் துலக்குவதில் பெரிதும் துணை நிற்பது தடயவியல் ஆய்வுக்கூடமா, மனிதரின் விசாரணையா என்று கேட்டிருக்கிறீர்கள். மனிதரின் விசாரணையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ஒரு துளி இரத்தமும் ஒரு மயிரிழையும் போதும், குற்றவாளி தானாக வந்து நிற்பான் என்றார். கேட்பதற்கு நன்றாக இருந்தது. ஆனால் இரத்தத் துளியின் மேல் யாருடைய பெயரும் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆய்வுக்கூடம் இரண்டு பொருள்களை அருகருகே வைத்து, இவை ஒன்றா வேறா என்று சொல்லும். அதை மிக நன்றாகவே சொல்லும். அந்த இரண்டாவது பொருளைத் தேடிக் கொண்டுவந்து மேசையில் வைப்பவர் யார் என்பதுதான் இன்று நம் முன் இருக்கும் கேள்வி என்று நான் கருதுகிறேன்.

அவரே எடுத்துக்காட்டிய ஆளவந்தார் வழக்கிலிருந்து தொடங்குகிறேன். 1952 ஆகஸ்டு மாத இறுதியில் தனுஷ்கோடி நோக்கிச் சென்ற ரயிலில், மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் கிடைத்தது. பின்னர் சென்னை ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. உடலின் கைரேகையையும் தலையின் பற்களையும் கொண்டு அடையாளம் காட்டியது அறிவியலே என்றார் தலைவர், மறுக்கவில்லை. ஆனால் மானாமதுரையில் கிடைத்தது யார் என்று தெரியாத ஓர் உடல்தானே? சென்னையில் பேனா வியாபாரம் செய்துவந்த கணவர் ஆளவந்தார் வீடு திரும்பவில்லை என்று ஒரு மனைவி விசாரித்து அலைந்து, அவர் கடைசியாக எந்த வீட்டுக்குப் போனார் என்பதைத் தெரிந்துகொண்டு காவல் நிலையப் படியேறியதனால்தான் அந்த உடலுக்கு ஒரு பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்த பிறகே, அவர் முன்பு பணியாற்றிய இராணுவத்தின் பதிவேட்டில் இருந்த கைரேகையைத் தேடி எடுக்க முடிந்தது. அந்த அம்மையார் வீட்டிலேயே காத்திருந்திருந்தால் எந்த ரேகையை எந்த ரேகையோடு ஒப்பிட்டிருப்பார்கள்?

அடுத்து, எதிரணியினர் தங்கள் கோட்டை என்று நினைக்கும் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் வழக்குக்கு வருகிறேன். அங்கே 1983-இலும் 1986-இலும் பதினைந்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையைத் தானே செய்ததாகக் காவலர்களிடம் ஒப்புக்கொண்டான். அருகிலேயே லெஸ்டர் பல்கலைக்கழகத்தில், மரபணுவைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் மரபணு ரேகை முறையைக் கண்டறிந்திருந்த அலெக் ஜெஃப்ரீஸ் சோதித்துப் பார்த்து, இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே, ஆனால் அவன் இந்த இளைஞன் அல்லன் என்று சொன்னார். குற்றமற்ற ஒருவனைச் சிறைக்கு அனுப்பவிருந்த விசாரணையை ஆய்வுக்கூடம் தடுத்து நிறுத்தியது. இதை எங்கள் அணி தலை குனிந்தே ஏற்றுக்கொள்கிறது.

எதிரணித் தலைவர் கதையை அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். அதன் பின் சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஆண்களிடம் ஆயிரக்கணக்கில் இரத்தமும் உமிழ்நீரும் எடுத்துச் சோதித்தார்கள். ஒருவருடையதும் பொருந்தவில்லை. ஏனென்றால் குற்றவாளியான கோலின் பிட்ச்ஃபோர்க், தான் வேலை செய்த ரொட்டிக் கடையின் சக ஊழியர் ஒருவரைத் தன் பெயரில் இரத்தம் கொடுத்துவிட்டு வரும்படி அனுப்பியிருந்தான். ஆய்வுக்கூடம் தன்னிடம் வந்த இரத்தத்தைத் துல்லியமாகச் சோதித்தது. வந்ததுதான் வேறொருவருடைய இரத்தம். 1987-இல் ஒரு மதுக்கூடத்தில் அந்த ஊழியர் இந்த ஆள்மாறாட்டத்தைப் பேச்சுவாக்கில் உளறினார். உடன் இருந்த ஒரு பெண்மணி அதைக் கேட்டு, சில வாரங்கள் மனத்தில் போட்டுப் புரட்டிவிட்டுக் காவல்துறையிடம் போய்ச் சொன்னார். அந்தச் செப்டம்பரில் பிட்ச்ஃபோர்க் பிடிபட்டான். மரபணுச் சோதனையால் பிடிபட்ட முதல் கொலையாளி என்று உலகமே இவனைச் சொல்கிறது. ஒரு பெண்ணின் உறுத்தலால் பிடிபட்டவன் என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இப்போது ஜெர்மனிக்கு வாருங்கள். 2007 ஏப்ரல் 25-ஆம் நாள் ஹைல்பிரான் நகரில், காருக்குள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த இரண்டு காவலர்கள் தலையில் சுடப்பட்டனர். இருபத்திரண்டு வயதுப் பெண் காவலர் இறந்தார். உடன் இருந்தவர் படுகாயத்தோடு பிழைத்தார். காரில் எடுத்த தடயத்தில் ஒரு பெண்ணின் மரபணு இருந்தது. அதே பெண்ணின் மரபணு 1993-இல் நடந்த ஒரு மூதாட்டியின் கொலையிலும், திருட்டு நடந்த வீடுகளிலும், பாதி தின்று போட்ட பிஸ்கட்டிலும், ஒரு பொம்மைத் துப்பாக்கியிலும்கூட இருந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு ஆகிய மூன்று நாடுகளில் நாற்பது இடங்கள்! கூடவே குற்றம் செய்து பிடிபட்டவர்கள் அப்படியொரு பெண் எங்களோடு வரவே இல்லை என்று சொன்னார்கள். திருடன் சொல்வதை யார் நம்புவார்கள்? அவளுக்கு முகமில்லாதவள் என்று பெயர் சூட்டி, தகவல் தருவோர்க்கு மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவித்துத் தேடினார்கள்.

2009 மார்ச்சில் உண்மை வெளிவந்தது. தடயம் எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக்குச்சிகளைப் பொட்டலம் கட்டிய தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தொழிலாளிப் பெண்ணின் மரபணுதான் அத்தனை குச்சிகளிலும் ஒட்டியிருந்தது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவை. கிருமி நீக்கினால் மரபணு நீங்கிவிடுவதில்லை. கருவி ஒரு முறைகூடப் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நாற்பது இடங்களிலும் ஒரே பெண் என்று அது சொன்னது முழு உண்மை. கருகிப்போன ஓர் ஆணின் உடலை அடையாளம் காண முயன்றபோது, அவனுடைய பழைய விண்ணப்பத் தாளிலும் அந்தப் பெண்ணே வந்து நின்றாள். ஆண் எப்படிப் பெண்ணாவான் என்று அங்கே ஒரு மனிதர் திகைத்து நின்றபோதுதான் அந்த மாயப் பெண்ணைத் தேடிய ஓட்டமும் நின்றது.

அப்படியானால் அந்தப் பெண் காவலரைக் கொன்றது யார்? 2011 நவம்பர் 4-ஆம் நாள் ஐசனாக் என்ற ஊரில் ஒரு வங்கிக் கொள்ளை நடந்தது. இரண்டு ஆண்கள் அவசர அவசரமாக மிதிவண்டிகளை ஒரு வெள்ளை வேனில் ஏற்றுவதைப் பார்த்த ஒருவர், அதைக் காவலர்களிடம் சொன்னார். காவலர்கள் வேனை நெருங்கியபோது உள்ளே இருந்த இருவரும் உயிரோடு பிடிபடவில்லை. வேன் தீப்பற்றி எரிந்தது. எரிந்த வேனுக்குள் ஹைல்பிரானில் பறிபோன இரு காவலர்களின் கைத்துப்பாக்கிகளும் கிடைத்தன. அதற்கு முன் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பேரைக் கொன்றிருந்த நவநாஜிக் கும்பல் அது. இல்லாத ஒரு பெண்ணை ஆய்வுக்கூடம் துரத்திக்கொண்டிருந்த வழக்கில், தெருவில் நின்ற ஒருவரின் கண் போதுமானதாக இருந்தது.

என் கண்ணும் காதும் பழுதற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதை அவர் முகத்திலேயே பார்க்கிறேன். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃபைக் காவலர்கள் ஒன்பது முறை விசாரித்து விட்டுவிட்டார்கள். 1979-இல் நான்தான் கொலையாளி என்று வந்த ஒரு ஒலிநாடாவை நம்பி, அதில் கேட்ட குரலின் வட்டாரப் பேச்சு இல்லாதவர்களையெல்லாம் ஒதுக்கினார்கள். அது ஒரு வீணனின் விளையாட்டு. அவனைக் காட்டிக் கொடுத்ததும் பிற்காலத்தில் அவன் அனுப்பிய கடித உறையில் கிடைத்த மரபணுதான். எங்கள் முகத்தில் கரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்கிளிஃப் பிடிபட்டது எப்படி? 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் ரோந்து போன இரண்டு காவலர்கள் அவனுடைய காரின் எண் பலகை பொய் என்று கண்டு நிறுத்தினார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வருகிறேன் என்று அவன் இருட்டுக்குள் போய் வந்தது அவர்களில் ஒருவருக்கு மறுநாளும் நெருடிக்கொண்டே இருந்தது. திரும்பிப் போய் அந்த இடத்தைத் தேடினார். சுத்தியலும் கத்தியும் அங்கே கிடந்தன.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு வழக்கைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். கலிஃபோர்னியாவில் 1970-களிலும் 80-களிலும் நடந்த பாலியல் வன்கொடுமைகளையும் கொலைகளையும் செய்தவன் ஒருவனே என்று 2001-இலேயே மரபணு சொல்லிவிட்டது. ஆனால் ஒப்பிட எதிரே ஒருவரும் இல்லாமல் அந்த மரபணு பதினேழு ஆண்டுகள் கிடந்தது. பால் ஹோல்ஸ் என்ற புலனாய்வாளரும் வம்சாவளி ஆராய்ச்சியில் கைதேர்ந்த பார்பரா ரே-வென்டரும் மற்றவர்களும், மக்கள் தம் முன்னோரைத் தேடப் பதிவு செய்திருந்த மரபணுத் தகவல்களில் தூரத்து உறவுகளைக் கண்டு, கொள்ளுத்தாத்தாக்களுக்கும் அப்பால் போய், அங்கிருந்து கிளை கிளையாக இறங்கி வந்தார்கள். 2018 ஏப்ரலில் ஜோசப் டி ஏஞ்சலோ என்ற எழுபத்திரண்டு வயது முன்னாள் காவலர் கைதானார்.

அந்தத் தேடலுக்கு வேண்டிய மாதிரி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1980-இல் வென்சுரா மாவட்டத்தில் கொலையுண்ட ஒரு தம்பதியின் உடல்களை ஆய்வு செய்த மருத்துவரிடம், தடயப் பெட்டி ஒன்று எடுக்கும் இடத்தில் இரண்டாக எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த இரண்டாவது பெட்டி தொடப்படாமல் முப்பத்தேழு ஆண்டுகள் உறைபெட்டியில் காத்திருந்தது. அந்த மருத்துவரின் வழக்கத்தை எந்த அணியின் கணக்கில் எழுதுவது என்பதை நடுவர் அவர்களின் தீர்ப்புக்கே விட்டுவிட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.