17 ஆண்டுக்குப் பிறகு வந்த ஆல்பம் ஏன் சத்தமில்லாமல் போனது?

நேயர்களுக்கு வணக்கம்.

2008 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. கன்ஸ் அன்ட் ரோசஸ் குழுவின் ‘சைனீஸ் டெமாக்ரஸி’ ஆல்பம் அன்றுதான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் அந்தக் குழு தன் சொந்தப் பாடல்களோடு ஆல்பம் வெளியிட்டது 1991 செப்டம்பரில். 1993இல் வந்தது பிறருடைய பாடல்களை இவர்கள் பாடிய தொகுப்பு மட்டுமே. ஆக, 17 ஆண்டுக் காத்திருப்பு. ஆனால் ஆல்பம் வெளியான அந்த வாரத்தில் பாடகர் ஆக்ஸல் ரோஸ் எந்தத் தொலைக்காட்சியிலும் தோன்றவில்லை, எந்த மேடையிலும் பாடவில்லை, எந்தப் பத்திரிகைக்கும் பேட்டி தரவில்லை. ஒரு பாடலுக்குக்கூட வீடியோ வெளிவரவில்லை. ராக் இசையை நேசிக்கிற எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம். ஏன் இப்படி ஆனது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

இந்தக் குழுவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. லாஸ் ஏஞ்சல்ஸில் 1985இல் உருவான குழு. 1987இல் வந்த இவர்களுடைய முதல் ஆல்பம், அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற அறிமுக ஆல்பங்களில் ஒன்று. அந்த வெற்றியின் உச்சத்திலேயே குழு உடையத் தொடங்கியது. கிதார் கலைஞர் ஸ்லாஷ் 1996இல் விலகினார். பேஸ் கிதார் வாசித்த டஃப் மெக்கேகன் 1997இல் போனார். குழுவின் பெயருக்கான உரிமை ஆக்ஸல் ரோஸ் கையில் இருந்தது. அவர் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார். ஆண்டுகள் ஓடின. கிதார் கலைஞர்கள் வந்தார்கள், போனார்கள். ஒரே பாடலைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள். 2005இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய நீண்ட கட்டுரைப்படி, அதற்குள் செலவு 1 கோடியே 30 லட்சம் டாலர் ஆகியிருந்தது. இனிமேல் செலவு உங்களுடையது என்று இசை நிறுவனமான கெஃபென் 2004இலேயே கையை விரித்துவிட்டதாகவும் அந்தக் கட்டுரை சொன்னது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பம் முடிந்து கைக்கு வந்தபோது நிறுவனத்தின் முதல் கவலை, போட்ட பணத்தை எப்படியாவது எடுப்பது.

அதற்கு ஒரு வழி கிடைத்தது. இர்விங் ஏஸாஃப் என்பவர் அப்போது ஆக்ஸல் ரோஸின் மேனேஜர்களில் ஒருவர். ஈகிள்ஸ் குழுவுக்கும் அவர்தான் மேனேஜர். 2007இல் ஈகிள்ஸின் புதிய ஆல்பம் அமெரிக்காவில் வால்மார்ட் கடைகளில் மட்டும் விற்பனையாகி, முதல் வாரமே 7 லட்சத்துக்கு மேல் போனது. அதே முறையில் ‘சைனீஸ் டெமாக்ரஸி’ குறுந்தகட்டை பெஸ்ட் பை கடைகளில் மட்டும் விற்பது என்று முடிவானது. 13 லட்சம் பிரதிகளை அந்தக் கடை முன்கூட்டியே, திருப்பித் தர முடியாத ஒப்பந்தத்தில் வாங்கிக்கொண்டதாக அன்றைய செய்திகள் சொல்லின.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வழக்கமாக ஒரு கடை இசைத்தட்டுகளை வாங்கி வைத்தால், விற்காததை நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பலாம். அந்தப் பயம் இருப்பதால்தான் நிறுவனம் வானொலி நிலையங்களின் பின்னால் அலையும், வீடியோவுக்குப் பணம் ஒதுக்கும், பாடகரைத் தொலைக்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போகும், ஒரு பாட்டு அடங்கியதும் அடுத்த பாட்டை எடுத்து ஓட்டும். ஒரு ஆல்பத்தை ஓராண்டு, இரண்டாண்டு உயிரோடு வைத்திருப்பது இந்த வேலைதான். சரக்கு திரும்பி வராது என்று ஆகிவிட்டால்? கணக்குப்படி ஆல்பம் ஏற்கெனவே விற்றாகிவிட்டது. கேட்பவர்கள் கையில் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு டாலர் செலவழிக்கவும் நிறுவனத்துக்கு அவசரம் இருந்திருக்காது. மற்ற கடைகளிலோ அந்த ஆல்பத்துக்கு இடமே இல்லை.

அப்படியானால் ஒரே கடைக்குக் கொடுத்ததுதான் தவறா? அதையும் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு அக்டோபரில் ஏசி டிசி குழுவின் ‘பிளாக் ஐஸ்’ வந்தது. 8 ஆண்டுக்குப் பிறகு அவர்கள் வெளியிட்ட ஆல்பம். அமெரிக்காவில் அதுவும் வால்மார்ட் கடைகளை விட்டு வெளியே போகவில்லை. ஐடியூன்ஸ் என்ற இணைய இசைக் கடையில்கூடக் கிடையாது. முதல் வாரம் 7,84,000 பிரதிகள் விற்று முதலிடம் பிடித்தது. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். ஆகஸ்டிலேயே ஒரு பாடலை வெளியிட்டு அதற்கு வீடியோவும் கொடுத்தார்கள். பேட்டிகள் கொடுத்தார்கள். ஆல்பம் வந்த அதே மாதம் உலகச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கி 2010 ஜூன் வரை பாடிக்கொண்டே இருந்தார்கள். கடை ஒன்றுதான், ஆனால் பாட ஆட்கள் இருந்தார்கள்.

இங்கே மாப்பிள்ளை வராத கல்யாணம் நடந்தது. ஆக்ஸல் ரோஸ் டிசம்பரில் ரசிகர்களின் கேள்விகளுக்கு எழுத்தில் நீளமாகப் பதில் சொன்னார். முறையான முதல் பேட்டி பில்போர்ட் பத்திரிகைக்கு, 2009 பிப்ரவரியில். அதற்குள் காலம் கடந்துவிட்டது. குழு மறுபடி சுற்றுப்பயணம் கிளம்பியது 2009 டிசம்பரில், தைவானின் தைபே நகரில். ஆல்பம் வந்து ஓராண்டு கழித்து!

அவர் ஏன் ஒதுங்கினார்? என் ஊகத்தைச் சொல்கிறேன். எந்தப் பேட்டிக்குப் போனாலும் முதல் கேள்வி ஸ்லாஷைப் பற்றித்தான் இருக்கும். பழைய குழு எப்போது சேரும் என்பது இரண்டாவது கேள்வி. இத்தனை ஆண்டு உழைப்பைப் பற்றி யாராவது மூன்றாவதாகக் கேட்டால் உண்டு. அந்த மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. இசை நிறுவனம் தன்னோடு சேர்ந்து உழைக்கவில்லை என்றும் அவர் வெளிப்படையாகக் குறைப்பட்டார். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் நிறுவனம் அசையாதபோது அந்த ஆல்பத்துக்காகப் பேசக்கூடிய குரல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது அவருடைய குரல்.

விளம்பரம் என்று பார்த்தால், இந்த ஆல்பத்தையொட்டி அதிகம் பேசப்பட்டது ஒரு குளிர்பானம். 2008க்குள் ஆல்பம் வந்தால், ஸ்லாஷையும், இடையில் சேர்ந்து விலகிய கிதார் கலைஞர் பக்கெட்ஹெட்டையும் தவிர அமெரிக்காவில் எல்லோருக்கும் ஒரு கேன் இலவசம் என்று டாக்டர் பெப்பர் நிறுவனம் மார்ச் மாதம் அறிவித்திருந்தது. வெளியீட்டு நாளன்று கூப்பனுக்காகக் கூட்டம் மொய்த்ததில் அவர்களுடைய இணையதளம் முடங்கியது. உடனே ஆக்ஸல் ரோஸின் வழக்கறிஞர்கள் மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். பாட்டைப் பற்றி எழுத வேண்டிய பத்திரிகைகள் கூப்பனைப் பற்றி எழுதின. மக்கள் ஆசையாக எதிர்பார்த்திருந்த அந்த ஒரு வாரம் இப்படிப் போனது.

முதல் வாரம் 2,61,000 பிரதிகள், பில்போர்ட் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம். வேறொரு குழுவுக்கு இது நல்ல எண்ணிக்கை. ஆனால் 1991இல் இதே குழுவின் ஆல்பங்கள் இரண்டு, ஒரே நாளில் வெளியாகி, பட்டியலில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்திருந்தன. இந்த முறை இரண்டாம் வாரமே பெரிய சரிவு.

அப்புறம் விவகாரம் நீதிமன்றம் போனது. 2010இல் ஏஸாஃபின் நிறுவனம், தனக்குச் சேர வேண்டிய சுற்றுப்பயணக் கட்டணம் வரவில்லை என்று வழக்குப் போட்டது. பதிலுக்கு ஆக்ஸல் ரோஸ் எதிர்வழக்குத் தொடுத்தார். பழைய குழுவோடு தன்னைச் சேர வைப்பதற்காகவே ஆல்பத்தின் விற்பனையை ஏஸாஃப் கெடுத்தார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. 2011இல் இரு தரப்பும் சமரசமாகிவிட்டதால், அந்தக் குற்றச்சாட்டு நிரூபணமாகவும் இல்லை, பொய்யென்று தள்ளப்படவும் இல்லை. சதி எதுவும் தேவைப்பட்டிருக்காது என்றே நான் நினைக்கிறேன். பணம் கைக்கு வந்துவிட்ட நிறுவனமும் வாய் திறக்காத பாடகருமே அதற்குப் போதும்.

ஸ்லாஷும் டஃபும் 2016இல் குழுவுக்குத் திரும்பினார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் ‘சைனீஸ் டெமாக்ரஸி’ பாடல்களும் இடம்பெற்றன. அவற்றை ஸ்லாஷே வாசித்தார். இந்த ஆல்பத்தைக் கேட்டிராதவர்கள் ‘பெட்டர்’ பாட்டில் தொடங்குங்கள். அடுத்து ‘தேர் வாஸ் எ டைம்’. அதன் கடைசிப் பகுதியில் கிதாரும் ஆக்ஸல் ரோஸின் குரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறுவதைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.