விண்வெளியில் ஒரு வாய்த் தண்ணீர்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மையார் அவர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். உடல்நலம் சரியில்லாத நிலையிலும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்த தலைவர் ஐயாவுக்கு என் தனி வணக்கம்.

மாணவர்கள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளை நேற்றிரவு படித்தேன். திரும்பத் திரும்ப வந்தவை நான்கு. விண்வெளியில் ஏன் மிதக்கிறார்கள்? உடம்பு என்ன ஆகும்? தண்ணீருக்கு என்ன வழி? செவ்வாயில் எப்போது குடியேறுவோம்? நான்கையும் பார்த்துவிடுவோம்.

அங்கே ஈர்ப்பு விசையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம். நிலையம் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே பூமியை நோக்கி விழுகிறது. பூமி வளைந்து விலகுவதால் தரை எட்டுவதே இல்லை. உள்ளே இருப்பவரும் கூடவே விழுகிறார். அதைத்தான் மிதப்பதாகப் பார்க்கிறோம்.

அடுத்து உடம்பு. எடை தாங்கும் வேலை இல்லாததால் எலும்பு கரைகிறது. அதைத் தடுக்கத் தினமும் 2 மணி நேரம் உடற்பயிற்சி. ரஷ்ய விண்வெளி வீரர் வலேரி பொல்யகோவ் 1994-95இல் மிர் என்ற பழைய விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 437 நாட்கள் இருந்து திரும்பினார்.

தண்ணீருக்கு வருகிறேன். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது பழமொழி. எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை.

2013 ஜூலை 16. இத்தாலிய வீரர் லூக்கா பார்மிதானோ நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருக்கிறார். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பின்னந்தலையில் ஈரம். வியர்வையா? குடிநீர்ப் பை ஒழுகுகிறதா? முந்தைய வாரமே அவர் தலைக்கவசத்தில் தண்ணீர் இருந்தது. பைதான் ஒழுகியது என்று விட்டுவிட்டார்கள். இப்போது அது பெருகுகிறது. இங்கே என்றால் வழிந்து கழுத்துக்கு இறங்கிவிடும். அங்கே இறங்காது, ஐயா! பசை போல ஒட்டிக்கொண்டு ஊர்ந்து வரும். கண்ணை மூடியது. மூக்கை மூடியது. காதில் புகுந்ததால் பேச்சும் சரியாகக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சூரியனும் மறைந்துவிட்டது. கையால் துடைக்கலாம் என்றால் முன்னால் கண்ணாடி! இடுப்பில் கட்டிய பாதுகாப்புக் கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தப் பக்கமே தடவித் தடவிக் கதவுக்குத் திரும்பினார். உள்ளே வந்து கவசத்தைக் கழற்றினால் ஒன்றரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர். அது குடிநீரே அல்ல. உடையைக் குளிரவைக்கும் நீர், அடைப்பினால் காற்றுக்குழாய் வழியாக ஏறிவிட்டது. முதல் ஈரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே!

அதே நிலையத்தில் வியர்வையும், மூச்சில் வரும் ஈரமும், சிறுநீரும் சுத்தமாகிக் குடிநீராகின்றன. 100 லிட்டரில் 98 லிட்டரை மீட்க முடியும் என்று 2023இல் காட்டிவிட்டார்கள். முகம் சுளிக்காதீர்கள். மேகமும் மழையும் காலங்காலமாகச் செய்வது இதைத்தான்.

நாமோ ஒருமுறை குளித்த தண்ணீரை அழுக்கு என்று சாக்கடைக்குத் தள்ளுகிறோம். பழித்தல் என்றால் இதுதான். புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் குளியல் நீருக்கும் துணி துவைத்த நீருக்கும் தனிக் குழாய் வேண்டும். அது வடிகட்டிக் கழிப்பறைக்கும் செடிக்கும் போக வேண்டும். நான் ஊர் ஊராகக் கேட்டு வருவது இது ஒன்றைத்தான்.

செவ்வாய்க் கேள்வி மிச்சம் இருக்கிறது. போய்ச் சேரவே 6 முதல் 9 மாதம். காற்று நம்முடையதில் 1 சதவீதத்துக்கும் குறைவு, அதுவும் பெரும்பாலும் கரியமில வாயு. தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. சொட்டு நீரையும் திரும்பப் பயன்படுத்தப் பழகியவர்கள்தான் அங்கே ஒரு நாளாவது தங்க முடியும். அந்தப் பழக்கத்தை இங்கேயே தொடங்கிவிடலாமே!

கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தைப் போட வேண்டுமென்று தலைவர் ஐயாவிடம் இந்தப் பேனாவைத் தருகிறேன். நன்றி, வணக்கம்.